மீட்டர் அக்காவின் மணிக்கணக்கு

அவளுக்கு அந்தப் பெயரை வைத்தவர் அத்தான். அக்காளின் கணவர், கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், வாயைத் திறந்தால் யாரையாவது சீண்டாமல் மூடமாட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லாரும் சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் சாய்ந்திருந்தபோது, கடையின் வெப்சைட்டில் ஃபோன் நம்பர் தப்பாக இருக்கிறது, கொஞ்சம் மாற்றிக் கொடு என்றார். அவள் லேப்டாப்பைத் திறந்தாள். திறந்த கையோடு, பழக்க தோஷத்தில், திரையின் ஓரத்தில் இருந்த, வேலை நேரத்தை அளக்கும் கடிகாரத்தைத் தட்டிவிட்டாள். நொடிகள் ஓட ஆரம்பித்ததை அத்தான் எட்டிப் பார்த்துவிட்டார்.

“அடிப்பாவி! சொந்த அத்தானுக்கே மீட்டர் போடறியா நீ?”

அக்காள் சிரித்து உருண்டாள். அக்காள் பிள்ளைகள் அன்றிலிருந்து ‘மீட்டர் சித்தி’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அது எப்படியோ அவளுடைய அலுவலக அறைக்குக் கீழே இருந்த சலவைக் கடைவரை போய், அங்கே துணி மடிக்கும் பெண்களுக்கு அவள் ‘மீட்டர் அக்கா’ ஆனாள். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. அத்தானின் வேலைக்கு ஆன நேரத்தை நோட்டில் எழுதினாள்: இருபத்து மூன்று நிமிடம். எதிரே ‘இலவசம்’ என்று போட்டாள். சும்மா செய்து கொடுப்பதாக இருந்தாலும் எவ்வளவு கொடுக்கிறோம் என்று தெரிந்துதான் கொடுக்க வேண்டும் என்பது அவள் கட்சி.

இந்தக் கட்சிக்கு அவள் ஒரே நாளில் வந்துவிடவில்லை.

முதலில் அவள் ஒரு பெரிய சாஃப்ட்வேர் கம்பெனியில் பதினோரு வருடம் இருந்தாள். மாசம் பிறந்தால் சம்பளம், வருஷம் பிறந்தால் ஒரு பாராட்டுச் சான்றிதழ். வேலையில் கெட்டிக்காரி என்று பெயர். ஒருநாள் வாடிக்கையாளரான ஒரு காப்பீட்டு அலுவலகத்துக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கே மேசைமேல் அவளுடைய கம்பெனி அனுப்பிய பில் கிடந்தது. யாரும் மறைக்கவில்லை, அவளும் திருட்டுத்தனமாகப் பார்க்கவில்லை. காப்பிக் கோப்பைக்கு அடியில் தட்டு மாதிரி கிடந்ததால் கோப்பையை எடுக்கும்போது கண்ணில் பட்டது. அவள் பெயருக்கு நேரே, ஒரு மணி நேரத்துக்குத் தொண்ணூற்றைந்து டாலர் என்று போட்டிருந்தது.

ஒன்பதாவது மாடியிலிருந்து லிஃப்டில் இறங்கும்போது மனக்கணக்குப் போட்டாள். மாதச் சம்பளத்தை மணி நேரத்தால் வகுத்தால் பத்தொன்பது வந்தது. தப்பாக வகுத்துவிட்டோமோ என்று மறுபடி போட்டாள். மறுபடியும் பத்தொன்பதுதான். ஐந்தில் ஒரு பங்கு.

வீட்டுக்கு வந்து கணவனிடம் சொன்னாள். அவன் லிஃப்ட் மெக்கானிக். பேச்சைவிடக் கைதான் அதிகம் வேலை செய்யும். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தான்.

“ஒன்பது மாடி இறங்கறதுக்குள்ள ரெண்டு தடவை வகுத்துப் பாத்தியா?”

“ஆமாங்க.”

“அப்ப அது ரொம்பப் பழைய லிஃப்ட்டு. பெல்ட்டு மாத்தணும்.”

அவள் தலையணையைத் தூக்கி அவன்மேல் எறிந்தாள். ஆனால் நான்கு மாதம் கழித்து வேலையை விட்டபோது, அந்த மாதத்து வாடகையையும் அடுத்த மாதத்து வாடகையையும் தனியே எடுத்துவைத்துவிட்டு, “போய்ப் பண்ணு, பாத்துக்கலாம்” என்று சொன்னவனும் அவன்தான்.

சலவைக் கடைக்கு மேலே ஒரு அறை குறைந்த வாடகைக்குக் கிடைத்தது. குறைவுக்குக் காரணம் முதல் நாளே தெரிந்துவிட்டது. கீழே மெஷின் துணியைப் பிழியச் சுற்றும்போது தரை நடுங்கும். பேனா மேசையில் தானாக நகர்ந்து ஓரத்துக்கு வரும். மற்றபடி நல்ல வெளிச்சம், காலுக்கடியில் எப்போதும் இளஞ்சூடு, நாள் பூராவும் சோப்பு வாசனை. ‘வெப்சைட், மென்பொருள் ஆலோசனை’ என்று கதவில் ஒரு சின்னப் பலகை மாட்டினாள்.

முதல் வாடிக்கையாளர் ஒரு பல் டாக்டர். நோயாளிகள் நேரம் பதிவு செய்ய ஒரு தளம் வேண்டும் என்றார். மணிக்கு எவ்வளவு என்று கேட்டார். அவள் முந்தின நாள் முழுக்கக் கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்த விலை நாற்பது. டாக்டர் முகத்தைப் பார்த்ததும் நாக்கு புரண்டது. “மணிக்கு இருபத்த—” என்று ஆரம்பித்தாள். “—அஞ்சு” என்று முடிப்பதற்குள் அவர் “சரி” என்றுவிட்டார்.

அந்த வேகத்தில் வந்த ‘சரி’தான் அவளுக்குப் பாடம். யோசிக்காமல் ஒத்துக்கொள்ளும் விலை என்றால் அது விலையே இல்லை. பேரத்துக்குத் தயாராக வந்த மனுஷன் பேரம் பேசாமலே எழுந்து போனார். அவள்தான் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தாள், அவருடைய நோயாளி மாதிரி.

போதாக்குறைக்கு இன்னொன்றும் சீக்கிரமே விளங்கியது. கம்பெனியில் வாரத்துக்கு நாற்பது மணி நேரம் இருந்தால் நாற்பது மணி நேரச் சம்பளம். இங்கே நாற்பது மணி நேரம் உழைத்தாலும் பில் போடத் தோதாக வருவது இருபத்தைந்துதான். மிச்சமெல்லாம் ஃபோன் பேசுவதிலும், விலைப்பட்டியல் எழுதுவதிலும், புதுசாகப் படிப்பதிலும், “சும்மா ஒரு சந்தேகம்” என்று வருபவர்களுக்குப் பதில் சொல்வதிலும் போய்விடும். இருபத்தைந்தை இருபத்தைந்தால் பெருக்கிப் பார்த்தாள். கம்பெனியில் வாங்கியதைவிடக் குறைவு. சொந்தத் தொழில் என்று கிளம்பி வந்து, தனக்குத் தானே சம்பளத்தைக் குறைத்துக்கொண்டவள் இந்த ஊரில் தான் ஒருத்தியாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

எட்டு மாதம் பொறுத்தாள். பிறகு தன்னுடைய ஒன்பது வாடிக்கையாளர்களுக்கும் கடிதம் எழுதினாள். வருகிற மாதத்திலிருந்து மணிக்கு நாற்பது. மன்னிப்பு, வருத்தம், விலைவாசி உயர்வு எதையும் எழுதவில்லை. முதல் பிரதியில் எழுதியிருந்தாள். அனுப்பும் முன் அடித்துவிட்டாள். அக்காள் ஃபோனில் பதறினாள்.

“உனக்கு என்னடி பைத்தியமா? ஒருத்தரும் மிஞ்ச மாட்டாங்க, பாரு.”

“மிஞ்சறவங்களை வெச்சுப் பாத்துக்கறேன்க்கா.”

இரண்டு பேர் போனார்கள். ஏழு பேர் இருந்தார்கள். பல் டாக்டர், “இந்தக் கடிதம் ஆறு மாதம் முன்பே வரும் என்று நினைத்தேன்” என்று ஒரு வரி பதில் எழுதினார். அதைப் படித்து அவளுக்குச் சிரிப்பு ஒரு பக்கம், எரிச்சல் ஒரு பக்கம்.

அடுத்து பதினோரு நிமிடத் தகராறு. பயணச்சீட்டு விற்கும் ஒருவருடைய தளத்தில், காலை ஒன்பது மணிக்குப் பணம் கட்டும் பக்கம் திறக்காமல் போய்விட்டது. அவள் பதினோரு நிமிடத்தில் சரி செய்தாள். ஒரு மணி நேரத்துக்குப் பில் அனுப்பினாள். மனுஷர் கொதித்துவிட்டார். பதினோரு நிமிஷ வேலைக்கு அறுபது நிமிஷக் காசா என்று. அவளுக்கே உள்ளுக்குள் கொஞ்சம் உறுத்தல். கணவனிடம் கேட்டாள்.

அவன் கையில் ஒட்டியிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே சொன்னான். “லிஃப்ட்டுக்குள்ள மாட்டிக்கிட்டவன், எத்தனை நிமிஷத்துல திறப்பீங்கன்னுதான் கேப்பான். வெளிய வந்தப்புறம்தான், அஞ்சு நிமிஷ வேலைக்கு இவ்வளவான்னு கேப்பான். ரெண்டும் ஒரே ஆள்தான். நாங்க அதனாலதான் வந்தாலே இவ்வளவுன்னு முன்னாடியே எழுதி மாட்டிடறோம்.”

மறுநாள் அவளும் எழுதி மாட்டினாள். எந்த வேலையானாலும் குறைந்தது ஒரு மணி நேரம். அதற்கப்புறம் அந்தத் தகராறு வந்ததே இல்லை. பயணச்சீட்டுக்காரரும் இரண்டு மாதம் முறைத்துக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பி வந்தார்.

இப்படிப் படிப்படியாக ஆறு வருடத்தில் அவள் விலை மணிக்கு அறுபது ஆனது. வாயில் தடுக்காமல் சொல்லும் அறுபது. அந்தச் சமயத்தில்தான் சோபா முதலாளி வந்தார்.

சோபா, கட்டில், மெத்தை செய்யும் தொழிற்சாலை அவருடையது. ஆள் பார்ப்பதற்கும் தான் செய்யும் சோபா மாதிரியே அகலம். படியேறி வந்த மூச்சு அடங்குமுன்னே ஒரு காகிதத்தை மேசைமேல் வைத்தார். அது அவருடைய வெப்சைட்டைச் செய்து கொடுத்தவர் அனுப்பிய பில். மொத்தம் நூற்று நாற்பத்திரண்டு மணி நேரம். மணிக்கு இருபத்திரண்டு.

“நூத்தி நாப்பத்திரண்டு மணி நேரமாம், மேடம். நம்பற மாதிரி இருக்கா? அந்த ஆள் முன்னாடி கணக்கு வாத்தியாரு. ஸ்கூலை விட்டுட்டு அம்பது வயசுக்கு மேல இந்தத் தொழிலுக்கு வந்திருக்காரு. மெதுவாத்தான் செய்வாரு, அது தெரியும். ஆனா இது மெதுவு இல்ல, இது மோசடி.”

“நான் என்ன செய்யணும்?”

“நீங்க ஒரு நாள் உக்காந்து பாருங்க. பாத்துட்டு, இது இருபது முப்பது மணி நேர வேலைதான்னு உங்க லெட்டர்ல ஒரு வரி எழுதிக் குடுங்க. போதும். அதுக்கு உங்க ரேட்டு என்னவோ தந்துடறேன். அப்புறம் இனிமே என் வேலை பூரா உங்களுக்குத்தான். ரெண்டு வருஷத்துக்கு வேலை இருக்கு, கிடங்கு, லாரி, கணக்கு எல்லாத்துக்கும் சாஃப்ட்வேர் செய்யணும்.”

இரண்டு வருட வேலை என்றால் சின்ன விஷயமில்லை. அவள் மனதில் ஒரு கணம் இன்னும் பெரிய ஓர் அறை, நடுங்காத தரை, இரண்டு ஜன்னல் எல்லாம் வந்து போயின. இருபத்திரண்டு வாங்கும் ஆள் நூற்று நாற்பத்திரண்டு மணி நேரம் எழுதியிருந்தால், ரேட்டைக் குறைத்து நேரத்தை ஊதிப் பெருக்கியிருப்பார் என்றே அவளுக்கும் பட்டது. இந்தத் தொழிலில் அது நடக்காததும் இல்லை.

“பாக்கறேன்” என்றாள். “ஆனா நான் பாத்ததைத்தான் எழுதுவேன். அது எப்படி இருந்தாலும் என் பில்லை நீங்க குடுக்கணும்.”

“அதுல என்ன சந்தேகம்? நீங்க மணிக்கு அறுபது வாங்கறீங்க. அவரை விட மூணு மடங்கு விவரம் இருக்கும்ல?”

அவள் கடிகாரத்தைத் தட்டினாள்.

வெப்சைட் எழுதுகிறவர்கள் ஒவ்வொரு முறை மாற்றம் செய்து சேமிக்கும்போதும் தேதியும் நேரமும் தானாகப் பதிவாகும். கூடவே என்ன செய்தோம் என்று ஒரு வரிக் குறிப்பு எழுதுவார்கள். பெரும்பாலானவர்கள் ‘திருத்தம்’, ‘மறுபடி திருத்தம்’ என்று ஏனோதானோவென்று எழுதிப் போய்விடுவார்கள். வாத்தியார் அப்படி இல்லை. விடைத்தாளின் ஓரத்தில் எழுதுவது போல எழுதியிருந்தார்.

‘பச்சை சோபா இடது பக்கம் வர வேண்டும் என்கிறார். மாற்றியாயிற்று.’

‘வலது பக்கமே நன்றாக இருந்தது என்கிறார். மாற்றியாயிற்று.’

‘பச்சையே வேண்டாம் என்கிறார்.’

‘பச்சை எங்கே போயிற்று என்று கேட்கிறார்.’

அவள் தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தாள். நிறத்தையும் இடத்தையும் பற்றி மட்டும் முப்பத்தொரு மாற்றங்கள். ஒவ்வொன்றுக்கும் முதலாளியின் மின்னஞ்சல் ஆதாரமாக இருந்தது. இன்னும் கீழே போனால் வேறொரு குறிப்பு கண்ணை நிறுத்தியது: ‘பணம் கட்டும் பக்கம் மூன்று நாளாகச் சரியாக வேலை செய்யவில்லை. தவறு என்னுடையது. கட்டணம் இல்லை.’ அவள் அந்த மூன்று நாளைத் தோண்டிப் பார்த்தாள். தவறு அவருடையதே அல்ல. வங்கி தன் பக்கத்தில் ஒரு முறையை மாற்றியிருந்தது, ஒருவரிடமும் சொல்லவில்லை. வாத்தியார் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு பதினெட்டு மணி நேரத்தைச் சும்மா கொடுத்திருந்தார்.

மொத்தத்தையும் கூட்டினாள். பதிவுகளின்படி அவர் உழைத்தது நூற்றுத் தொண்ணூறுக்கு மேல். பில் போட்டது நூற்று நாற்பத்திரண்டு.

ஆனாலும் அவளுக்குச் சந்தேகம் போகவில்லை. உழைத்திருக்கலாம், உழைப்பு தேவைதானா என்பது அடுத்த கேள்வி. சிக்கலாகத் தெரிந்த ஒரு பகுதியை எடுத்துக்கொண்டாள். சோபாவைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் கட்டணத்தைக் கணக்கிடும் பகுதி அது. எத்தனையாவது மாடி, லிஃப்ட் உண்டா, மாடிப்படியின் திருப்பம் எவ்வளவு அகலம், சோபாவின் நீளம் என்ன, திரும்பாது என்றால் கயிறு கட்டி ஜன்னல் வழியே ஏற்ற வேண்டுமா என்று நீண்டுகொண்டே போனது. இவ்வளவு வளவளப்பு எதற்கு என்று அதைத் தானே சுருக்கி எழுத உட்கார்ந்தாள். மூன்று மணி நேரம் போராடினாள். சுருக்கியது சுருக்கமாகத்தான் இருந்தது; ஆனால் ஐந்தாவது மாடிக்கு மூன்று பேர் உட்காரும் சோபாவை லிஃப்டில் வளைத்து அனுப்பியது.

அன்று சாயங்காலம் அந்தப் பக்கத்தை அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டுபோய், கேள்விகளை மட்டும் கணவனுக்குப் படித்துக் காட்டினாள். அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

“இரு, இரு. லிஃப்ட்டோட கதவு அகலத்தைக் கேட்டுட்டு, உள்ள இந்தக் கீழ்மூலையிலேருந்து அந்த மேல்மூலைக்கு எவ்வளவுன்னும் கேக்கறாரா?”

“ஆமா. எதுக்கு அது?”

“சோபாவை நிமித்தி வெச்சா உயரம் பத்தாது. சாச்சு வெச்சாத்தான் போகும். லிஃப்ட்டுல சாமான் ஏத்தறவங்களுக்கே பாதிப் பேருக்கு இது தெரியாது. யாரு இது எழுதினது?”

“ஒரு கணக்கு வாத்தியாரு.”

“அவரு நேர்ல போய் அளந்திருக்காரு” என்றான் கணவன், தீர்ப்புச் சொல்வது போல.

அவளுக்கு அதற்குமேல் சந்தேகம் இல்லை. பார்த்ததையெல்லாம் இரண்டு பக்கத்தில் எழுதினாள். ஒரு குறையும் எழுதினாள்: சோபா வந்து சேரும் தேதியைத் தேர்ந்தெடுக்கும் காலண்டரை அவர் தானே எழுதியிருக்கிறார், இலவசமாகவே தயாராகக் கிடைப்பதைப் பயன்படுத்தியிருக்கலாம், அந்த ஒன்பது மணி நேரம் வீண். பிறகு முதலாளியைக் கூப்பிட்டு, அறிக்கையைப் படிக்கும்போது வாத்தியாரும் இருக்க வேண்டும் என்றாள். ஒருவர் உழைப்பைப் பற்றி அவர் முதுகுக்குப் பின்னால் படித்துக் காட்ட அவளுக்குச் சம்மதமில்லை. முதலாளி ஒத்துக்கொண்டார். நல்ல வேடிக்கை இருக்கும் என்று நினைத்திருப்பார்.

தொழிற்சாலையின் ஓரத்தில் கண்ணாடித் தடுப்புக்குள் இருந்தது அவருடைய அறை. பஞ்சும் பசையும் கலந்த வாசனை. வெளியே தையல் மெஷின்கள் கடகடத்தன. வாத்தியார் முன்னதாகவே வந்து உட்கார்ந்திருந்தார். இஸ்திரி கலையாத சட்டை, பையில் இரண்டு பேனா, முகத்தில் பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பையனின் களை. அவள் ஒரு வணக்கம் சொல்லிவிட்டு நேரே அறிக்கையைப் படித்தாள்.

நூற்றுத் தொண்ணூறு என்று வந்ததும் முதலாளியின் முகம் சிவந்தது.

“ஏம்மா, உங்களுக்குக் காசு குடுத்தது இவருக்கு வக்காலத்து வாங்கவா?”

“நீங்க காசு குடுத்தது என் கண்ணுக்கு. வாய்க்கு இல்ல” என்றாள் அவள். குரலை உயர்த்தவில்லை. “இன்னும் முடியல, கேளுங்க. ஒரு குறையும் இருக்கு.” காலண்டரைப் பற்றிப் படித்தாள்.

வாத்தியார் லேசாக இருமினார்.

“மன்னிக்கணும் மேடம். அந்தக் குறையை நான் ஒத்துக்க முடியாது.”

“ஏன் சார்?”

“ரெடிமேட் காலண்டர் மூணு பாத்தேன். லாரிக்கு அரை நாள் லீவுன்னு குறிக்க மூணுலயும் வழி இல்ல. இவங்க லாரி புதன்கிழமை மத்தியானத்துக்கு மேல ஓடாது.”

அவள் லேப்டாப்பைத் திறந்து அங்கேயே பார்த்தாள். மூன்றையும் பார்த்தாள். அவர் சொன்னது சரி. “அப்ப ஆறு மணி நேரம் நியாயம். மூணு அதிகம்.”

“அந்த மூணு...” வாத்தியார் தயங்கினார். “ஒரு காற்புள்ளி விட்டுப்போச்சு. அதைத் தேடினேன்.”

“காற்புள்ளியா?” அவளுக்குப் போன வாரம் தான் ஒரு அடைப்புக்குறிக்காக அரை நாள் அலைந்தது ஞாபகம் வந்தது. அதை அவள் பில்லில் சேர்த்திருந்தாள். “தேடறதும் வேலைதான் சார். நானும் போடுவேன்.” பேனாவை எடுத்து, அறிக்கையில் அந்தப் பத்தியைக் குறுக்கே அடித்தாள்.

“இப்ப ஒன்பதா, ஆறா?” என்றார் முதலாளி, தலை சுற்றி.

“ஒன்பது” என்றார்கள் இருவரும்.

முதலாளி ஒரு பஞ்சுத் துண்டைக் கையில் வைத்துப் பிசைந்துகொண்டிருந்தார். அவள் அவருடைய முப்பத்தொரு மின்னஞ்சல்களின் கத்தையை அவர் பக்கம் நகர்த்தினாள்.

“வெளிய தைக்கறாரே, உங்க தையல்காரரு. ஒரே சோபா உறையை முப்பத்தோரு தடவை பிரிச்சுத் தைக்கச் சொன்னா என்ன சொல்வாரு?”

முதலாளி கண்ணாடி வழியே வெளியே பார்த்தார். கத்தையைப் புரட்டினார். ‘பச்சை எங்கே?’ என்று தானே எழுதியதைப் படித்தார். அவர் உதடு ஓரம் துடித்தது.

“ஊசியாலயே என்னைக் குத்தியிருப்பான்” என்றார். பிறகு அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். சிரித்து முடித்து, இழுப்பறையைத் திறந்து, வாத்தியாரின் பில்லில் கையெழுத்துப் போட்டார். முரட்டுப் பேர்வழிதான், ஆனால் கைவேலை தெரிந்தவர். வேலையின் அளவைக் கண்ணில் காட்டிவிட்டால் மறுக்க அவரால் முடியவில்லை.

“சரி, விடுங்க. கிடங்கு வேலையை நீங்க எப்ப ஆரம்பிக்கறீங்க, மேடம்?”

இங்கேதான் அவள், பின்னால் பல நாள் நினைத்துப் பார்த்த காரியத்தைச் செய்தாள். “அதை இவருக்கே குடுங்க. உங்க சோபா எந்த வாசல்ல நுழையும்னு தெரிஞ்ச ஆளை விட்டுட்டு என்கிட்ட ஏன் வர்றீங்க? ஆனா இருபத்திரண்டுக்கு இல்ல. இனிமே இவர் ரேட்டு நாப்பது.”

முதலாளி முறைத்தார், மோட்டுவளையைப் பார்த்தார், விரல் விட்டு எண்ணினார். கடைசியில், “சரி, நாப்பது” என்றார்.

அவளுக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. வாசலுக்கு வந்ததும் வாத்தியார் நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தாள். அவரோ முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு நின்றார்.

“மேடம், நீங்க செஞ்சது பெரிய உதவி. மறக்க மாட்டேன். ஆனா என் விலையை நீங்க எப்படிச் சொல்லலாம்?”

“அய்யோ சார், இருபத்திரண்டு ரொம்பக் கம்மி, அதான்...”

“கம்மின்னு எனக்கும் தெரியும். ஒரு மாசமா யோசிச்சு, இன்னிக்கு வாயைத் திறந்து கேட்டுடணும்னு முடிவு பண்ணிட்டு வந்தேன். நாப்பத்தஞ்சு கேக்கறதா இருந்தேன்.”

நல்லது செய்கிறோம் என்று நினைத்து மனுஷனுக்கு மணிக்கு ஐந்து நஷ்டம் வைத்திருக்கிறாள். ஆறு வருடத்தில் அவளுக்கு இவ்வளவு வெட்கமாக இருந்ததில்லை. சிரிக்கக் கூடாது என்று கீழுதட்டைக் கடித்தாள். வாத்தியாரின் மீசைக்கடியில் ஏதோ அசைந்தது. அப்புறம் இருவரும் வாசலிலேயே நின்று, காவல்காரர் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார்கள்.

“தப்பு என்னோடது சார். மன்னிச்சுக்கோங்க. திரும்பிப் போய்ச் சொல்லட்டுமா?”

“வேண்டாம். ஆறு மாசம் கழிச்சு நானே கேக்கறேன். கேட்டுப் பழகணும்ல.”

சொன்னபடியே ஆறாவது மாதம் கேட்டார், வாங்கினார். நாற்பத்தைந்தல்ல, நாற்பத்தெட்டு.

சோபா முதலாளி அவளுக்கு வேலை ஏதும் தரவில்லை. ஆனால் வியாபாரிகள் கூடும் இடங்களிலெல்லாம் அவளைப் பற்றிப் பேசினார். “அந்தப் பொம்பளைக்கிட்ட ஜாக்கிரதையா இருங்க, காசு குடுத்தாலும் உண்மையைத்தான் சொல்லும்” என்று திட்டுவது போலச் சொல்வாராம். அதைக் கேட்டே ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு வெப்சைட் வேண்டாம். யாரோ அனுப்பிய சாஃப்ட்வேர் பில் நியாயமா என்று தெரிய வேண்டும். சில பில்கள் நியாயமாக இருந்தன. சில பகல் கொள்ளையாக இருந்தன. ஒருத்தர் ஒரே நாளில் இருபத்தேழு மணி நேரம் உழைத்ததாக எழுதியிருந்தார். அவரிடம் கடிகாரம் எங்கே வாங்கினீர்கள் என்று மட்டும் கேட்டு அனுப்பினாள்.

வேலை ஒருத்திக்கு அதிகமானபோது வாத்தியாரைக் கூப்பிட்டாள். எண்களைத் தோண்டுவது அவர், நிரலைத் தோண்டுவது அவள் என்று பிரித்துக்கொண்டார்கள். மணிக்கு எவ்வளவு போடலாம் என்று பேச்சு வந்தது. இதற்குள் அவளுடைய விலை எழுபத்தைந்து. இதற்கும் அதையே போட்டுவிடலாம் என்றாள்.

வாத்தியார் தலையை ஆட்டினார். “வேண்டாம் மேடம். அடுத்தவங்க மணிக்கணக்கைப் பாக்கற நாம மணிக்கணக்குல வாங்கினா, நம்ம பில்லை யார் பாக்கறது? அதுக்கு ஒருத்தரைப் பிடிக்கணும். அவரு பில்லுக்கு இன்னொருத்தர். இது முடிவில்லாத தொடர். நான் பன்னெண்டாங்கிளாஸ்ல நடத்தியிருக்கேன்.”

அவள் யோசித்துப் பார்த்தாள். இத்தனை வருடம் கடிகாரத்தை நம்பிப் பிழைத்தவளுக்கு அதை நிறுத்துவது கை ஒடிந்த மாதிரி இருந்தது. ஆனால் அவர் சொன்னதில் ஓட்டை இல்லை. பில்லைச் சோதிக்க ஒரே தொகை, எத்தனை நாள் ஆனாலும் அதே தொகை, முன்கூட்டியே எழுத்தில் என்று முடிவு செய்தார்கள். அந்தத் தொகையை இருவரும் தனித்தனிக் காகிதத்தில் எழுதி, மடித்து, மேசையில் வைத்தார்கள். யார் யாருடைய விலையையும் முந்திச் சொல்லிவிடக் கூடாதல்லவா. பிரித்தபோது வாத்தியார் எழுதியது அவளுடையதைவிடக் கொஞ்சம் அதிகமாக இருந்தது.

“உங்களதையே வெச்சுக்கலாம் சார்” என்றாள்.

அடுத்த திங்கட்கிழமை காலை ஒரு பெரிய மருத்துவமனை நிர்வாகம் அவர்கள் இருவரையும் கூப்பிட்டிருந்தது. மூன்று வருடத்து சாஃப்ட்வேர் பில்கள், நான்கு அட்டைப்பெட்டி. நீண்ட மேசையின் ஒரு பக்கம் நிர்வாகிகள் ஐந்து பேர், மறு பக்கம் இவர்கள் இரண்டு பேர். தொகையைச் சொன்னாள். ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் கணக்குப் போடும் கருவியைத் தட்டினார், இன்னொருவர் அவர் காதில் ஏதோ முணுமுணுத்தார். அறையில் நல்ல நீளமான அமைதி.

அவள் அவசரப்படவில்லை. தண்ணீரை எடுத்து ஒரு வாய் குடித்தாள். வாத்தியார் முதல் பெட்டியைத் தன் பக்கம் இழுத்து, மூடியிலிருந்த ஒட்டுத்தாளைப் பொறுமையாகப் பிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

“சரி” என்றார் தலைமை நிர்வாகி.